அம்பாரத்தின் அடி உப்பு

ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருந்தோம். என்னால் உட்கார முடியவில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவி முத்துராக்கு என் துணிப்பையை மடியில் வைத்தபடி, பெஞ்சில் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பெண் அவளைக் காட்டி, "அம்மாவுக்குத்தான பாக்கணும்?" என்று கேட்டது.

நான் சிரித்தேன். "அவளுக்கு ஒண்ணும் இல்ல தாயி. துணைக்கு வந்தவ. எங்கன உக்கார வச்சாலும் தூங்குவா. சீக்கு எனக்குத்தான்."

அந்த வார்த்தையை எழுதும்போது இப்போது கை கூசுகிறது. நாங்கள் இருவருமே நோயாளிகள். ஒரே ஜாடி உப்பைத் தின்றுதான் நான் ஒரு பக்கமாகவும் அவள் மறுபக்கமாகவும் சாய்ந்திருந்தோம். அவளுக்கு அது என்னைவிட ஒன்றரை வருடம் முன்பே தொடங்கியிருந்தது. அவள் பழையபடி எழுந்து வருவாளா மாட்டாளா என்பதுதான் அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரே கேள்வி. அந்த உப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

அயோடின் என்றால் உடம்புக்கு நல்லது என்று மட்டுமே கேள்விப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் கேள்விப்பட்டவன்தான். கேள்விப்பட்டது மட்டுமல்ல, அதை வைத்தே பிழைத்தவன்.

என் ஊர் உத்தரகோசமங்கைக்குத் தெற்கே ஒரு வானம் பார்த்த கிராமம். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பன்னிரண்டு வயதில் மாரியூர்ப் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்கு வந்தேன். பலகை பிடித்துப் பாத்தியில் உப்பு வாரினேன். உள்ளங்கால் வெடித்து, வெடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். அந்த எரிச்சலோடு இருபது வருடம் நின்றேன். பிறகு குத்தகைக்கு நாலு பாத்தி எடுத்தேன். பிறகு சொந்தமாக எடுத்தேன். இன்றைக்கு அந்தக் கரையில் என் அளம் எது என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். படித்தவர்கள் பத்துப் பேர் தொடங்கி மூடிவிட்டுப் போன தொழில் இது. நான் மூடவில்லை.

உப்புக்கு அயோடின் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது மற்றவர்கள் முனகினார்கள். நான் முதல் ஆளாக இயந்திரம் வாங்கிப் போட்டேன். அயோடின் கரைசலை நாங்கள் 'மருந்து' என்போம். குவித்து வைத்த உப்பின் மேல் அதைத் தெளிப்பானால் அடிப்பார்கள். உப்புக் குவியலுக்கு எங்களிடம் அம்பாரம் என்று பெயர். மருந்து அடித்த உப்பைக் கலந்து, காயவைத்து, மூட்டை பிடித்து அனுப்புவோம்.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது.

தெளிக்கிற மருந்து அம்பாரத்தின் மேலேயே நிற்காது. ஈரத்தோடு ஈரமாக அடிக்கு இறங்கும். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உப்பு நசநசவென்று இருக்கும். அதை மூட்டை பிடித்தால் சாக்கு நனையும், வாங்குகிறவன் முகம் சுளிப்பான். அதனால் அது தனியே நிற்கும். உப்பில் அயோடின் இருந்தால் நிறம் மாற்றிக் காட்டுகிற சோதனைச் சொட்டு மருந்து ஒன்று உண்டு; அதை அந்த அடி உப்பில் விட்டுப் பார்த்தால் வழக்கமான கத்தரிப்பூ நிறம் வராது. நாவல்பழம் மாதிரி கருநீலமாக வரும்.

எனக்கு ஒரே பூரிப்பு. குழம்பில் அடியில்தானே சாறு இறங்கியிருக்கும். பாலில் மேலே நிற்கிற ஏட்டை வீட்டுப் பிள்ளைக்குத்தானே எடுத்து வைப்போம். ஊருக்கெல்லாம் சாதா உப்புப் போகட்டும், என் வீட்டுக்கு இந்தச் சத்து உப்பு என்று முடிவு கட்டினேன். வெயிலில் உலர்த்தி, மாதம் ஒரு பை வீட்டுக்கு அனுப்பினேன். என் அளத்தில் முப்பது வருடமாக மேஸ்திரியாக இருக்கும் பூமிநாதன் வீட்டுக்கும் ஒரு பை. அவனைத் தவிர வேறு யாருக்கும் அந்த உப்பைக் கொடுத்ததில்லை. அது நான் அவனுக்குச் செய்த மரியாதை.

அந்தச் சொட்டு மருந்துப் புட்டி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். கல்யாண வீடு, காதுகுத்து வீடு எங்கே போனாலும் இலையில் வைத்த உப்பில் ஒரு சொட்டு விடுவேன். வெளிறிப்போய் வந்தால், "என்னப்பா, மண்ணையா திங்கிறீக?" என்பேன். சிரிப்பார்கள். என் மகள் செல்வியைப் பரமக்குடியில் கொடுத்திருக்கிறேன். அவள் மாமியார் வீட்டிலும் இப்படிச் செய்து, அந்த அம்மாள் முகம் சுருங்கிப்போனது எனக்கு நினைவிருக்கிறது.

உப்பு எனக்குத் தூக்கலாக வேண்டும். கஞ்சிக்குத் தனியாக, மோருக்குத் தனியாக, மாங்காய்க்குத் தனியாக. வீட்டுக் கருவாடும் அந்த உப்பில்தான் போட்டோம். இப்படி மூன்று வருடம் போனது.

முதலில் மாறியது முத்துராக்கு. நான்தான் அதை நோய் என்று பார்க்கவில்லை. விடிவதற்கு முன்பு எழுந்து வாசல் தெளிக்கிறவள் வெயில் ஏறின பிறகு எழுந்தாள். முகம் ஊதியது. தலைமுடி சீப்போடு வந்தது. குரல் கட்டைக் குரலானது. சித்திரை மாதத்தில், எங்கள் ஊர் வெயிலில், போர்வை கேட்டாள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் நான் நாலு வேலையை முடித்துவிடுவேன்.

"வசதி வந்ததும் உடம்பு வளையல" என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. "ஆமை மாதிரி நகருற" என்றேன். அவள் பதில் சொல்லத் தொடங்குவாள். நான் கிளம்பிவிடுவேன்.

ஒன்றரை வருடம் கழித்து என் உடம்பு மாறியது. அது எனக்கு நோயாகத் தெரியவே இல்லை, வரமாகத் தெரிந்தது. தொந்தி கரைந்தது. பசி பசியென்று பசித்தது. மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டேன், ஆனாலும் இளைத்தேன். "எழுபதை நெருங்குறவன் இளவட்டம் மாதிரி ஆயிட்டேன் பாத்தியா" என்று அளத்தில் எல்லோரிடமும் சொன்னேன். வேர்த்துக் கொட்டியது. கோபம் மூக்கு நுனியில் நின்றது. நெஞ்சுக்குள் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடுவது போல ஓர் ஓட்டம். அது நடுநடுவே இடறியது.

ஒரு நாள் வாங்க வந்த ஆள் முன்னால் உப்பில் சொட்டு விடப் போனேன். கை நடுங்கிப் புட்டி முழுதும் கொட்டிவிட்டது. வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தான். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

சாயல்குடியில் பார்த்தேன். பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஊருக்கு வந்த செல்வி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அய்யா, கை ஈரமா கொதிக்குது. நாளைக்கே ராம்நாட்டுக்குப் போறோம்" என்று நின்றாள். அப்படித்தான் அந்த நடைக்கூடத்துக்கு வந்தோம்.

டாக்டரம்மா என் மகள் வயதுதான் இருப்பார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வாலிபத்திலிருந்தே என் தொண்டைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி உண்டு. வலிக்காது. அதனால் நான் அதைக் கவனித்ததே இல்லை. ரத்தம் எடுத்தார்கள். ஹைப்பர்தைராய்டிசம் (கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது) என்றார்கள். இதயத் துடிப்பு தாளம் தவறி ஓடுகிறது, அதனால் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடும், கட்டி மூளைக்குப் போனால் வாதம் வரும் என்று சொல்லி அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். சுரப்பியைப் படம் எடுக்க மதுரைக்கு அனுப்பினார்கள். சுரப்பி எவ்வளவு அயோடினை உறிஞ்சுகிறது என்று பார்க்கிற படம் அது.

படத்தோடு மூன்றாம் முறை போனபோது டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, உங்க சுரப்பி இவ்வளவு வேகமா ஓடுது. அப்ப அயோடின அள்ளி அள்ளி இழுக்கணும். ஆனா படத்துல இழுக்கவே இல்ல. ஏற்கெனவே ரொம்பி வழியுற பானையில தண்ணி இறங்காதுல்ல, அந்த மாதிரி இருக்கு. இருமல் மருந்து, சத்து டானிக், கடல்பாசி மாத்திரை, ஏதாவது சாப்பிடுறீங்களா? சாயம் ஏத்தி ஸ்கேன் எடுத்தாங்களா?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "டானிக்கெல்லாம் நம்மகிட்ட ஆகாதும்மா. நான் சொந்த அளத்து உப்புத் திங்கிறவன். எங்க வீட்டு உப்புல ஒரு சொட்டு விட்டா கருநீலமா வரும். இந்த ஜில்லாவுல எவன் வீட்டுலயும் அந்த உப்புக் கிடையாது."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"எப்படி வரும்னு சொன்னீங்க?"

நான் மறுபடியும் சொன்னேன், இன்னும் கொஞ்சம் விவரமாகவே. அம்பாரம், அடி ஈரம், தனியே உலர்த்துவது எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். என் பேச்சை இவ்வளவு கவனமாக ஒரு படித்த பெண் கேட்கிறாரே என்று எனக்குள் மகிழ்ச்சி. அப்புறம், "சமையல் யாரு? அவங்களக் கூப்பிடுங்க" என்றார்.

முத்துராக்குவை மூன்று முறை கூப்பிட்டு எழுப்ப வேண்டியிருந்தது. அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, "கும்பிடுறேம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. அவளுடைய குரலைக் கேட்டார், கண் இமையைப் பார்த்தார், கன்னத்தை விரலால் தொட்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

ஒரு சின்னச் சுத்தியால் என் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் தவளைபோலத் துள்ளியது. அதே இடத்தில் முத்துராக்குவுக்குத் தட்டினார். அவள் பாதம் போனது, அங்கேயே நின்று யோசித்தது, பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

"இவங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். எத்தன நாளா இப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

நான் முத்துராக்குவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவளுக்கு வந்திருந்தது ஹைப்போதைராய்டிசம் (அதே சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்வது). நான் வீட்டு ஜாடியிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்த உப்பையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு அயோடின் அதில் இருந்தது. ஒரே பொருள் எப்படி இரண்டு பேரை இரண்டு திசையில் இழுக்கும் என்று கேட்டேன். அளவுக்கு மீறி அயோடின் வந்து விழும்போது சில சுரப்பிகள் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும், உங்கள் மனைவிக்கு அந்தச் சுபாவம் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. பழைய கட்டி உள்ள சுரப்பி கட்டுமீறிப் போய்விடும், அது நீங்கள் என்றார். எனக்கு என் வழியில் புரிந்தது. ஒரே வெள்ளம்தான். ஒரு பாத்தியில் கரை உடைந்தது, பக்கத்துப் பாத்தியில் மடை அடைத்துக்கொண்டது.

சொட்டு மருந்தைப் பற்றியும் கேட்டேன். உப்பில் அயோடின் இருக்கிறதா இல்லையா என்றுதான் அது சொல்லும், எத்தனை அதிகம் என்று சரியாகச் சொல்லாது என்றார். அத்தனை கல்யாண இலைகளில் நான் எதை அளந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் அளத்திலிருந்து கடைக்குப் போன உப்பு கெட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும். அது கலந்து, சோதித்து, அளவாகத்தான் போனது. கெட்டது நான் பிரித்தெடுத்து வீட்டுக்கு என்று ஒதுக்கினது மட்டும்தான். அயோடின் குறைந்தாலும் உடம்பு கெடும். இதைப் படித்துவிட்டு யாரும் அயோடின் உப்பை விட்டுவிட வேண்டாம்.

உப்பின் சோதனை முடிவு தெரிந்த மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பூமிநாதன் வீட்டுக்கு ஓடினேன். அவன் வீட்டிலும் அதே பைதானே போயிருக்கிறது. மனைவி, இரண்டு மகன்கள், மருமகள். எத்தனை பேர் என்ன கதியில் இருக்கிறார்களோ என்று மூச்சிரைக்கப் போனேன். வைத்தியச் செலவு முழுதும் நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லப்போகிறேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

வாசலில் பூமிநாதனின் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல சுறுசுறுப்பு, நல்ல நிறம். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அந்த உப்பா அண்ணே? அத நாங்க அடுப்படிக்குக் கொண்டாரதே இல்லையே. இவுக வந்ததும் வராததுமா தென்னைக்கில்ல போட்டுருவாக."

கொல்லையில் ஐந்து தென்னை நின்றது. குலை தள்ளி, பாளை வெடித்து, அவ்வளவு செழிப்பு.

பூமிநாதன் உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தான். நான் கேட்டேன்.

"ஏம்ப்பா, உனக்குத் தெரியுமா அது கூடுதல்னு?"

"தெரியும் மொதலாளி. ஒரு தடவ நம்ம வீட்டு உப்பையும் லேபுக்குப் போற சாம்பிளோட சேத்து அனுப்பிட்டேன். சீட்டு வந்துச்சு. திங்கிற உப்பு இல்ல, தனியா வைங்கன்னு எழுதியிருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ? முப்பது வருசம்டா."

"சொன்னேன். சீட்டக் கையில குடுத்தேன். 'கூடத்தானடா இருக்கு, குறையலையே'ன்னீக. கசக்கி ஓடையில போட்டீக."

"நெனவில்ல எனக்கு."

"எனக்கு இருக்கு."

"ரெண்டாந்தரம் சொல்லியிருக்கலாம்ல?"

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஒங்ககிட்ட ரெண்டாந்தரம் சொன்னவன் எவனாச்சும் அளத்துல மிச்சம் இருக்கானா மொதலாளி?"

என் மீது உனக்கு என்ன கோபமோ இருக்கட்டும், உனக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்கிறாள் முத்துராக்கு, அவளை நினைத்திருக்க வேண்டாமா என்று கத்தினேன். அப்போது அவன் சொன்னான்: "அக்காகிட்டயும் சொன்னேன். அப்பவே."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வண்டி ஓட்டினவன் நான்தான்.

முத்துராக்கு கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டுக் கீரைக்கு அவளுக்கு அப்போதெல்லாம் ஒரு காலை வேளை ஆகும்.

"உனக்கும் தெரியுமாமே?" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். நான் அதற்குள் பேசிவிட்டேன். நீயும் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டாய், ஊரே ஒன்றாக இருந்திருக்கிறது, உழைத்துக் கொண்டுவந்து போட்டவனுக்கு இதுதான் பலனா என்று என்னென்னவோ. பேசப் பேச நெஞ்சு இடறியது. மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச முடியாமல் நின்ற அந்த நேரத்தில்தான் அவள் பேசினாள்.

"பூமிநாதன் சொன்னாரு. நான் கடை உப்பு வாங்கியாந்து ஜாடியில போட்டேன். ஒரு வாரம் அதத்தான் தின்னீக. ஒண்ணும் தெரியல ஒங்களுக்கு."

நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். நான் காத்திருந்தேன், வேறு வழியில்லை.

"பொங்கலுக்குச் சம்மந்தக்காரக வந்திருந்தாக. அவுகளுக்குக் காட்டணும்னு ஜாடியில சொட்டு விட்டீக. வெளிறிப்போச்சு. அவுக முன்னால என் மானத்த வாங்கினீக. ஜாடியத் தூக்கி வாசல்ல எறிஞ்சீக. பரமக்குடி அம்மாதான் பெறக்கிப் போட்டாக."

அது எனக்கு நினைவிருந்தது. ஜாடி உடைந்ததும், எல்லோரும் சிரித்ததும் நினைவிருந்தது. உண்மையில் சிரித்தது நான் மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"நீ மட்டுமாச்சும் கடை உப்பத் தின்னுருக்கலாம்ல?"

"ரெண்டு பேரு இருக்குற வீட்டுல ரெண்டு ஒலையா வைப்பாக?" என்றாள். கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்த உப்பை நிறுத்தியதுதான் முதல் மருந்து. ஆனால் மூன்று வருடம் சேர்ந்தது மூன்று நாளில் போகாது, மாதக்கணக்கில் வடியும் என்றார்கள். எனக்குச் சுரப்பியை அடக்கும் மாத்திரையும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும், ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்றும். அவளுக்குத் தைராக்ஸின் (சுரப்பி தர வேண்டியதை வெளியிலிருந்து தரும் மாத்திரை) மட்டும். என் வயதும் இதயமும் ஒத்துழைத்தால் ஒரு வருடத்தில் மாத்திரை குறையும் என்றார்கள். அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. "சுரப்பி மறுபடி எந்திரிச்சாலும் எந்திரிக்கலாம். இல்லன்னா ஆயுசுக்கும் மாத்திரை" என்றார் டாக்டரம்மா.

முதல் இரண்டு மாதம் அவளிடம் எந்த மாற்றமும் இல்லை. என் துடிப்பு அடங்கிக்கொண்டே வந்தது, அவள் அப்படியே இருந்தாள். எனக்கு உடம்பு தேறுவதே குற்றமாகத் தோன்றியது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் போர்வையைக் காலால் தள்ளிவிட்டு, "வேர்க்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் சேதுக்கரையில் போய்க் கடலாடிவிட்டு வந்தேன். ஏன் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

உப்பு என்னைக் கவிழ்த்தது என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய அறுபது வருடம் காலைக் கொடுத்தேன், கண்ணைக் கொடுத்தேன், அதன் வெண்மையில் பாதிப் பார்வை போய்விட்டது. கெட்டுப்போகாத பொருள் உலகத்தில் ஒன்றுதான் என்று நம்பினேன். அதுவே எனக்கு இதைச் செய்தது. பிறகு பூமிநாதன் கவிழ்த்தான் என்றேன். இன்றும் அவன் மேல் என் மனம் ஆறவில்லை. மாதாமாதம் இரண்டு கையாலும் அந்தப் பையை வாங்கினானே, முகத்தில் ஒரு சுருக்கம் உண்டா? அவன் இப்போதும் அளத்தில்தான் இருக்கிறான். வேலைப் பேச்சு மட்டும் பேசுகிறோம். அம்பாரத்தின் அடி உப்பைத் தனியே எடுத்து அளவு பார்த்து மறுபடி கலக்க ஏற்பாடு செய்துவிட்டேன். அதை முன்னின்று செய்கிறவனும் அவன்தான். பூமிநாதன் பொய் சொல்லுகிறவன் இல்லை. அந்தச் சீட்டை நான் ஓடையில் போட்டிருப்பேன். போட்டது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வர மறுக்கிறது. என் நினைவும் என்னைக் கைவிட்டவர்களில் ஒன்று.

இப்போது எங்கள் வீட்டு உப்பை முத்துராக்கு வாங்குகிறாள். எந்தக் கடையில் என்று நான் கேட்பதில்லை. சோற்றில் போட்டால் கரிக்கிறது, உப்பு என்றால் அவ்வளவுதானே.

நாடி பார்க்க நர்ஸ் பெண் சொல்லிக்கொடுத்தது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முதலில் என்னால் ஒரு நிமிடம் முழுதாக உட்கார முடியாது. எண்ணிக்கை பாதியில் அறுந்துவிடும். இப்போது முடிகிறது. ஒரு நிமிடம் இவ்வளவு நீளமானது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வெயில் இறங்குவதற்குள் எத்தனை அம்பாரம் என்றுதான் ஒரு நாளை நான் அளந்திருக்கிறேன். அதற்குள் நிமிடம் என்று ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது.

அவள் மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்ட பிறகு ஒரு மணி நேரம் டீ, காப்பி எதுவும் கூடாது. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் நானும் குடிப்பதில்லை. அடுப்படிப் பக்கம் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அவள் பேச்சு இப்போது பழைய வேகத்துக்கு அநேகமாக வந்துவிட்டது. எனக்குத்தான் காத்திருக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவள் முடித்த பிறகும் இன்னும் ஏதாவது வருமோ என்று கொஞ்சம் நிற்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், எங்கேயோ பார்த்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"அன்னைக்கு ஜாடிய எறியிறதுக்கு முந்தி, 'இது கூடுதலு, திங்கக் கூடாது'ன்னு நான் எல்லார் முன்னாலயும் சொல்லியிருந்தா, நம்பியிருப்பீகளா?"

எனக்கு எதற்கும் பதில் முன்னமே தயாராக இருக்கும். என் தொழிலை நான் அப்படித்தான் நடத்தினேன். அன்றைக்குப் பதில் வருவதற்கு நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"இல்ல" என்றேன். "நம்பியிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "டீ போடுறேன்."

சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். மாத்திரை போட்டு ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.

"இன்னும் பத்து நிமிசம் கெடக்கு" என்றேன். "உக்காரு."